தாய்க்குத் துணை யார்?

யானை வீட்டில் பாட்டி! நீர்நாய் வீட்டில் அப்பா!

திருச்சி மலைக்கோட்டையில் குடிகொண்டு இருக்கும் ஈசனுக்குத் தாயுமானவர் என்று பெயர்.

ஏன் அந்தப் பெயர் வந்தது?

ரத்னாவதி என்று ஒரு பெண். காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்தவள். திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். நிறைமாத கர்ப்பிணியாக இருந்தாள்.

மகளுக்குப் பேறுகாலம் பார்க்கத் தாய் புறப்பட்டு வந்தாள். வழியில் காவிரியில் வெள்ளம்! தாயால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. அக்கரையிலேயே நின்றுவிட்டாள்.

இங்கே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. துணைக்கு ஆள் இல்லை. ஈசனே அந்தத் தாயின் உருவத்தில் வந்தார். கூட இருந்து பேறுகாலம் பார்த்தார்.

வெள்ளம் வடிந்தது. உண்மைத் தாய் ஓடோடி வந்தாள். வீட்டில் இன்னொரு தாய்! ரத்னாவதி திகைத்தாள். முன்னால் வந்த தாய் மறைந்துவிட்டாள். வந்தவர் யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

இது தல வரலாறு.

பிள்ளை பெற்றவளுக்குத் துணை வேண்டும் என்பது இந்தக் கதையின் சாரம். மனிதருக்கு மட்டும் அல்ல, பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் பிராணிகள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆனால் அந்தத் துணை யார்? அங்கேதான் ஒவ்வொரு பிராணிக்கும் ஒவ்வொரு வழி. சில இடத்தில் அப்பா. சில இடத்தில் பாட்டி. சில இடத்தில் யாருமே இல்லை!

இந்த வேறுபாடு எப்படி வந்தது? திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் சுற்றி வந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பால் செய்த வேலை

முதலில் பாலைப் பற்றிப் பார்ப்போம்.

பால் கொடுக்கும் பிராணிகள் பூமியில் தோன்றி 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அவற்றின் முன்னோர்கள் முட்டையிட்டன. முட்டை காய்ந்துபோகாமல் இருக்க, தாயின் தோலில் இருந்து ஒரு நீர் கசிந்தது. அந்தக் கசிவுதான் பிறகு பாலாக மாறியது என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள்.

இதற்கு ஒரு சாட்சி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிளாட்டிபஸ் என்று ஒரு பிராணி உண்டு. வாத்து போல மூக்கு. அது முட்டையிடுகிறது. குஞ்சு பொரிந்ததும் பால் கொடுக்கிறது! அதற்கு முலைக்காம்பு கிடையாது. வயிற்றுத் தோலில் பால் கசியும். குட்டி அதை நக்கிக் குடிக்கும்.

பால் தாயிடம் மட்டும் சுரக்கிறது. ஆகவே குட்டி தாயோடு கட்டுண்டு கிடக்கிறது. தகப்பன் இருந்தாலும் போனாலும் குட்டிக்குப் பால் கிடைத்துவிடும். தகப்பன் நழுவிப்போக இது வழி செய்து கொடுத்தது.

ஆணுக்குப் பால் சுரப்பதே இல்லையா? ஒரு விந்தை உண்டு. மலேசியாவில் 1992-ல் பிடிபட்ட ஒருவகைப் பழந்தின்னி வௌவால்களில், ஆண்களுக்கும் கொஞ்சம் பால் சுரந்திருந்தது. விஞ்ஞானிகள் வியந்துபோனார்கள். ஆனால் அந்த ஆண்கள் குட்டிக்குப் பால் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை.

காக்கை வீடு வேறு

மரத்தில் கூடு கட்டும் காக்கையைப் பாருங்கள். சிட்டுக்குருவியைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சுக்கு இரை கொண்டுவரும்.

பறவைகளில் 10-க்கு 9 வகை, ஜோடியாகச் சேர்ந்து குடும்பம் நடத்துகிறவை. புழுவையும் தானியத்தையும் யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து ஊட்டலாம் அல்லவா? அதனால் அங்கே தகப்பனுக்கும் வேலை இருக்கிறது.

பால் கொடுக்கும் பிராணிகளில் கணக்கு தலைகீழ். ஜோடியாக வாழ்கிறவை 10-ல் ஒரு பங்கு கூட இல்லை!

அணிலுக்கு ஆள் துணை இல்லை

ராமர் முதுகில் தடவிக்கொடுத்ததால் அணிலுக்கு மூன்று கோடு விழுந்தது என்பார்கள். ஸ்ரீரங்கத்துத் தோப்புகளிலும் வீட்டுக் கூரைகளிலும் அந்த அணில் ஓடித் திரிகிறது.

பெண் அணில் இனச்சேர்க்கைக்குத் தயாராகும் நாளில், ஆண் அணில்கள் பல அதைத் துரத்திக்கொண்டு ஓடும். மரத்துக்கு மரம் தாவும். ஒரே கீச்சுக் கீச்சு!

அந்த நாள் முடிந்தது. ஆண்கள் தங்கள் வழியே போய்விடும். அதன் பிறகு நார், பஞ்சு, துணிக் கிழிசல் எல்லாம் பொறுக்கிக் கூடு கட்டுவது தாய். குட்டி ஈனுவது தாய். பால் கொடுப்பது தாய். ஆபத்து வந்தால் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவதும் தாய்.

குட்டிகள் சிறியவை. சீக்கிரம் வளர்ந்துவிடும். அதனால் தாய் ஒருத்தியே சமாளித்துவிடுகிறாள்.

வீடு கட்டும் அப்பா

நெட்டிலிங்க மரத்தைப் பள்ளிக்கூட வாசலிலும் ஆபீஸ் வாசலிலும் பார்த்திருப்பீர்கள். அதன் தொங்கும் இலைகளுக்கு உள்ளே சில சமயம் ஒரு கூடாரம் இருக்கும். கட்டியவர் யார் தெரியுமா?

ஒரு ஆண் வௌவால்!

பழம் தின்னும் சின்ன வௌவால் இது. தென் தமிழ்நாட்டில் இதைப்பற்றி விஞ்ஞானிகள் விரிவாக ஆராய்ந்து 1995-ல் எழுதியிருக்கிறார்கள். ஆண் வௌவால் இரவில் தண்டுகளைக் கடித்துக் கடித்து வளைக்கும். ஒரு கூடாரம் முடிய ஒரு மாதம் ஆகும். நெட்டிலிங்க மரத்தில் அதற்கு மேலும் ஆகும்.

வீடு தயாரானதும் பெண் வௌவால்கள் குடிவரும். ஒரே வீட்டில் பல பெண்கள். வீட்டுக்காரர் ஒருவர்தான்! மற்ற ஆண்கள் நெருங்காமல் அவர் காவல் இருப்பார்.

குட்டி? அது தாயின் மார்பைப் பற்றிக்கொண்டு தொங்கும். பால் கொடுத்து வளர்ப்பது தாயின் பொறுப்பு. அப்பாவின் பங்கு கூரை போடுவதோடு முடிந்தது.

காவிரியில் ஒரு குடும்பம்

இனி நல்ல அப்பாக்களைப் பார்க்கலாம்.

காவிரியில் நீர்நாய் உண்டு. வழவழப்பான ரோமம். தட்டையான வால். மீன் பிடிப்பதில் மகா கெட்டி.

நீர்நாய் குடும்பமாக வாழும். ஒரு ஆண், ஒரு பெண், அவற்றின் பிள்ளைகள். இதுதான் குடும்பம். பெண் கரையில் வளை தோண்டி, சுமார் இரண்டு மாத கர்ப்பத்துக்குப் பிறகு குட்டி ஈனும். ஒரே ஈற்றில் ஐந்து குட்டி கூட இருக்கும். பிறக்கும்போது கண் திறந்திருக்காது.

குட்டிகள் பால் மறந்து மீனுக்கு வாய் திறக்கும்போது அப்பாவுக்கு வேலை வந்துவிடுகிறது. தாயும் தகப்பனும் மீன் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கும். முந்திய ஈற்றுப் பிள்ளைகளும் கூடவே இருக்கும்.

செந்நாய்க் கூட்டம் இதையும் மிஞ்சிவிட்டது. நாங்குநேரிக்காரரான விஞ்ஞானி ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். இந்தியக் காட்டு மிருகங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் முன்னோடியான அவர் 2024-ல் காலமானார்.

செந்நாய்க் கூட்டத்தில் குட்டி போட்ட தாய் வளையில் இருக்கும். மற்றவை வேட்டைக்குப் போகும். வயிறு நிறையத் தின்றுவிட்டுத் திரும்பி வரும். குட்டிகள் வாயை முட்டினால், தின்ற கறியைக் கக்கிக் கொடுக்கும். தாய்க்கும் அப்படியே பங்கு உண்டு. அப்பா, சித்தப்பா, அக்கா, அண்ணன் எல்லோருமே ஊட்டுகிறவர்கள்தான்!

பால் தாயிடம் மட்டும் இருக்கிறது. ஆனால் மீனும் கறியும் யார் கையிலும் இருக்கலாம். மற்றவர்கள் உதவுவதற்கு அங்கே கதவு திறக்கிறது.

எங்கே அப்பா தங்குவார்?

சில இனங்களில் மட்டும் அப்பா தங்குவது ஏன்?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக்காஸ், கிளட்டன் பிராக் என்ற இரு விஞ்ஞானிகள் 2013-ல் ஒரு விடை சொன்னார்கள். 2,500-க்கு மேற்பட்ட வகைப் பிராணிகளின் வாழ்க்கையை அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

பெண்கள் கூட்டமாக இல்லாமல், தனித்தனியே தூரம் தூரமாக வாழும் இனங்களைப் பாருங்கள். ஒரு ஆண் பல பெண்களைக் காவல் காக்க அங்கே முடியாது. ஒருத்தியோடு தங்குவதே லாபம். அப்படித் தங்கிய பிறகுதான், பல இனங்களில் பிள்ளை வளர்க்கும் பழக்கமும் வந்தது. இது அவர்கள் முடிவு.

அதே 2013-ல் வேறு சில விஞ்ஞானிகள் குரங்கினத்தை ஆராய்ந்து இன்னொரு காரணம் சொன்னார்கள். குட்டியைக் காப்பாற்றவே அப்பா தங்கினார் என்றார்கள்.

எதனிடமிருந்து காப்பாற்ற?

கர்நாடகத்தில் தார்வாட் காட்டில், ஜப்பானிய விஞ்ஞானி சுகியாமா 1960-களின் தொடக்கத்தில் சாம்பல் நிறக் குரங்குகளை ஆராய்ந்தார். புதிய ஆண் ஒன்று கூட்டத்தைக் கைப்பற்றியது. பழைய தலைவனைத் துரத்தியது. பிறகு கைக்குட்டிகளைக் கடித்துக் கொன்றது!

தாய் பால் கொடுக்கும் வரை அடுத்த கர்ப்பம் தரிக்காது. குட்டி இறந்தால் தாய் சீக்கிரம் தயாராகிவிடும். அந்தக் கொடுமைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருப்பதாகப் பிற்கால விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில், அப்பா பக்கத்தில் நிற்பதே குட்டிக்கு உயிர்க்காவல்.

விஞ்ஞானிகளுக்குள் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு காரணமும் இடத்துக்கு இடம் உண்மையாக இருக்கலாம்.

யானை வீட்டு நடப்பு

இனி நம் ஊர்ப் பெரியவரிடம் வருவோம்.

திருவானைக்காவல் என்ற பெயரிலேயே ஆனை இருக்கிறது. ஈசனை ஒரு யானையும் ஒரு சிலந்தியும் போட்டி போட்டுப் பூசித்த தலம் அது. ஸ்ரீரங்கம் கோவிலில் ஆண்டாள், திருவானைக்காவலில் அகிலா, மலைக்கோட்டையில் லட்சுமி. இந்த யானைகளின் பெயரைத் திருச்சிக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

மூன்றும் பெண் யானைகள்.

ஆண் யானையை வைத்துக்கொள்வது கடினம். வளர்ந்த ஆண் யானைக்கு மதம் பிடிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் மதநீர் வழியும். மதம் ஒரு நோய் அல்ல. பெண்ணைத் தேடிப் புறப்படும் பருவம் அது.

காட்டில் ஆண் யானை பல மைல் அலைந்து திரியும். பெண்ணைக் கண்டால் சில நாட்கள் கூட இருக்கும். பிறகு போய்விடும்.

பெண் யானை கர்ப்பமாக இருப்பது 20 முதல் 22 மாதம்! குட்டி பிறக்கும்போது சுமார் 100 கிலோ எடை. இரண்டு ஆண்டுக்கு மேலும் பால் குடிக்கும். அடுத்த குட்டிக்கு 4, 5 ஆண்டு ஆகும். அதுவரை காத்திருக்க எந்த ஆண் யானையும் தயாராக இல்லை.

இவ்வளவு நீண்ட வேலையைத் தாய் தனியாகச் செய்ய முடியுமா?

முடியாது. அதனால்தான் யானைக் கூட்டம் பெண்களின் கூட்டமாக இருக்கிறது. பாட்டி, அவள் தங்கை, மகள்கள், பேத்திகள். மூத்தவள் வழி காட்டுவாள். எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

குட்டி பிறந்தால் சித்தியும் பெரியம்மாவும் சூழ்ந்து நிற்பார்கள். புலி வந்தால் குட்டியை நடுவில் தள்ளிக்கொள்வார்கள். சேற்றில் வழுக்கினால் தும்பிக்கையால் தூக்கிவிடுவார்கள். குட்டி போடாத இளம்பெண் யானைகள் குட்டியைக் கவனித்து, பிள்ளை வளர்ப்பைக் கற்றுக்கொள்ளும்.

ஆண் குட்டி வளர்ந்து பருவம் எட்டும்போது கூட்டத்தை விட்டுப் போய்விடும். பெண் குட்டி பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தாய் வீட்டிலேயே இருக்கும்.

பர்மாக் கணக்கு

பாட்டியின் உதவி எவ்வளவு பெரியது? அதற்குக் கணக்கே இருக்கிறது.

பர்மாவில் தேக்குமரம் இழுக்கும் யானைகள் உண்டு. எந்த யானை எப்போது பிறந்தது, யாருக்குப் பிறந்தது, எப்போது இறந்தது என்று அங்கே பல தலைமுறையாகப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

விஞ்ஞானிகள் அந்தப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள்.

20 வயது நிரம்பாத இளம் தாய்க்குப் பிறந்த குட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி கூட இருந்தால், குட்டி சாகும் ஆபத்து 8-ல் ஒரு பங்காகக் குறைந்தது!

எட்டில் ஒரு பங்கு! தாய்க்குப் பால் இருக்கிறது. ஆனால் அனுபவம் இல்லை. அது பாட்டியிடம் இருக்கிறது.

கோவில் யானையின் தனிமை

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு கோவில் வாசலில் நிற்கும் யானையைப் பாருங்கள்.

ஆண்டாள் 1986-ல் ஸ்ரீரங்கம் வந்தது. அகிலா 2002-ல் அசாமில் பிறந்து, 2011-ல் திருவானைக்காவல் வந்தது. அப்போது அதற்கு வயது 9.

காட்டில் 9 வயதுப் பெண் யானை என்ன செய்துகொண்டு இருக்கும்? தாயின் பக்கத்தில் நடக்கும். தம்பி தங்கைக்குக் காவல் இருக்கும். பிள்ளை வளர்க்கப் பழகும் வயது அது.

கோவில் யானைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாகன் அன்பாகப் பார்த்துக்கொள்ளலாம். பக்தர்கள் பழம் கொடுக்கலாம். திருவானைக்காவலில் அகிலா குளித்து விளையாடத் தொட்டியும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் இன்னொரு யானையின் முதுகில் உரசி நிற்கும் சுகத்தை மனிதன் கொடுக்க முடியாது.

இதைப் பலரும் உணர்ந்திருக்கிறார்கள். கோவில் யானைகளுக்கான நலவாழ்வு முகாம் 2003-ல் முதுமலையில் தொடங்கியது. பிறகு மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில், பவானி ஆற்றங்கரையில் நடந்தது. முகாம் 48 நாள். ஊர் ஊராகத் தனித்து நின்ற யானைகள் அங்கே ஒன்றையொன்று பார்த்தன.

திருச்சியை அடுத்த சிறுகனூர் பக்கம் எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை 2019-ல் யானைகள் மறுவாழ்வு மையம் அமைத்தது. மடங்களிலும் தனியாரிடமும் இருந்த பெண் யானைகள் பல அங்கே வந்து சேர்ந்தன. ரத்த சொந்தம் இல்லாத யானைகள்தான். இருந்தாலும் பெண்கள் சேர்ந்து வாழும் பழைய வழக்கத்துக்கு அது ஒரு படி நெருக்கம்.

கோவில்களும் தனியாரும் இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-ல் உத்தரவிட்டது.

பால் புட்டி பிடித்த பொம்மன்

கூட்டத்தை இழந்த குட்டிக்கு வேறு வழியே இல்லையா? சில சமயம் மனிதர் கைகொடுக்கிறார்கள்.

முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மன், பெள்ளி தம்பதியை உலகமே அறியும். மின்சாரம் தாக்கித் தாய் இறந்ததால் அநாதையான ரகு என்ற யானைக்குட்டி 2017-ல் அவர்கள் கைக்கு வந்தது. புட்டியில் பால் கொடுத்தார்கள். குளிப்பாட்டினார்கள். ராத்திரியில் கண்விழித்தார்கள். அவர்களைப் பற்றி எடுத்த படத்துக்கு 2023-ல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். யானைக் குட்டி தன் சொந்த அப்பனைக் கண்டிராது. ஆனால் பொம்மன் என்ற மனிதர் அதற்கு அப்பாவாக மட்டும் அல்ல, தாயாகவும் ஆனார்!

மனிதனின் பங்கு

மனிதனால் இது எப்படி முடிகிறது?

மனிதக் குழந்தை மிகவும் மெதுவாக வளர்கிறது. தாய் பால் நிறுத்திய பிறகும் பல ஆண்டு ஊட்ட வேண்டும், காக்க வேண்டும், சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருத்தியால் ஆகிற காரியம் இல்லை. அதனால் மனிதன் யானையின் வழியையும் எடுத்துக்கொண்டான். நீர்நாயின் வழியையும் எடுத்துக்கொண்டான். நம் வீட்டில் பாட்டியும் உண்டு. அப்பாவும் உண்டு.

அப்பா ஆவதற்கு ஆணின் உடம்பே இடம் கொடுக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 624 ஆண்களை விஞ்ஞானிகள் நாலரை ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை சோதித்தார்கள். 2011-ல் முடிவு வெளிவந்தது.

ஆண்மைக்குரிய ஒரு சுரப்பு நீர் உடம்பில் உண்டு. போட்டி போடவும் துணை தேடவும் தூண்டுவது அதுதான். மதம் பிடித்த யானைக்கு அது தாறுமாறாக ஏறும். தகப்பன் ஆன மனிதர்களுக்கோ அது இறங்கியது! தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கவனித்த தகப்பன்களுக்கு, குழந்தையைக் கவனிக்காத தகப்பன்களைவிட அது குறைவாக இருந்தது.

பிள்ளை பெற்ற வீட்டில் பாட்டியார் ஊரில் இருந்து வந்து சேர நாலு நாள் ஆகலாம். காவிரியில் வெள்ளம் இல்லாவிட்டாலும் பஸ் கிடைக்காமல் போகலாம்.

அதுவரை பால் கொடுப்பது ஒன்றுதான் தகப்பனால் முடியாதது. குளிப்பாட்டலாம். துணி மாற்றலாம். தூளி ஆட்டலாம். தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைக்கலாம்.